கடன் பில்லுக்கு ஒரு காவல்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பற்றிய மதிப்பீடு

பினாங்கு லெபோ பாசாரில் உள்ள துணிக்கடை ஒன்றின் பில் மென்பொருளுக்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தி வருகிறோம். அதன் எல்லா வசதிகளையும் இங்கே அலசப் போவதில்லை. கடைக்காரர் கேட்ட ஒரே ஒரு விதியை அது எவ்வளவு உறுதியாகக் காக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். ரொக்க பில்லை யார் பெயரிலும் போடலாம். கடன் பில்லை மொத்த வியாபாரியாகப் பதிவானவர் பெயரில் மட்டுமே போடலாம் என்பதே அந்த விதி.

இதற்கென நேரடி வசதி போஸ்ட்கிரெஸில் இல்லை. ஓர் அட்டவணையின் மதிப்பு இன்னோர் அட்டவணையில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஃபாரின் கீயில் நிபந்தனை எழுத முடியாது. மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் பகுதி யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் காக்கும் அட்டவணைக் குறியீடு) அமைத்து, ஃபாரின் கீயால் அதைச் சுட்டவும் முடியாது. வரிசை பதிவாகும்போது சோதிக்கப்படும் செக் நிபந்தனைக்குள் வேறோர் அட்டவணையைத் தேடும் ஃபங்ஷனை வைத்தால் போஸ்ட்கிரெஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வாடிக்கையாளரின் வகை பின்னர் மாறும்போது பழைய பில்களை அது திரும்பிப் பார்க்காது. மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரலான டிரிகர் என்றால் பில், வாடிக்கையாளர் ஆகிய இரண்டு அட்டவணைகளுக்கும் எழுத வேண்டும். அப்போதும், கவுண்டரில் கடன் பில் போடும் அதே கணத்தில் உள்ளறையில் ஒருவர் அந்த வாடிக்கையாளரைச் சில்லறை வகைக்கு மாற்றினால், பூட்டுகளை (ஒருவர் கையாளும் வரிசையை மற்றவர் மாற்றாமல் தடுப்பவை) கவனித்து எழுதாத டிரிகர் இரண்டையும் விட்டுவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது, 2019இல் வெளியான 12ஆம் பதிப்பில் வந்த ஜெனரேட்டட் காலம் (generated column), அதாவது அதே வரிசையின் மற்ற மதிப்புகளிலிருந்து தரவுத்தளமே கணக்கிட்டு நிரப்பும் நெடுவரிசை. பில் அட்டவணையில் அப்படி ஒரு காலம் சேர்த்தோம். கடன் பில் என்றால் அதில் ‘மொத்தம்’ என்ற மதிப்பும், ரொக்க பில் என்றால் நல் (null) எனப்படும் வெற்று மதிப்பும் தானாக அமரும். வாடிக்கையாளர் எண்ணையும் இந்தக் காலத்தையும் சேர்த்து, வாடிக்கையாளர் அட்டவணையின் எண், வகை என்ற இணையைச் சுட்டும் ஃபாரின் கீ அமைத்தோம். இணையில் ஒன்று நல்லாக இருந்தால் சோதனை நடைபெறாது என்பதால் ரொக்க பில்கள் தடையின்றிப் போகின்றன. அவற்றுக்கு எண்ணை மட்டும் சுட்டும் சாதாரண ஃபாரின் கீ தனியாக இருக்கிறது. அதே சலுகையைக் கடன் பில் பயன்படுத்திக்கொள்ளாதபடி, அதில் வாடிக்கையாளர் எண் கட்டாயம் என்று ஒரு செக் நிபந்தனையும் வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். பூட்டுவதைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்வதால் மேலே சொன்ன கவுண்டர் சிக்கல் எழுவதில்லை.

விலையும் உண்டு. எண் ஏற்கெனவே பிரைமரி கீயாக (வரிசையின் தனி அடையாளமாக) இருந்தும், எண், வகை இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு யுனிக் இண்டெக்ஸ் சுமக்க வேண்டும். கடனை முழுக்க அடைத்துவிட்ட வியாபாரியைக்கூட, பழைய கடன் பில்கள் இருக்கும்வரை சில்லறை வகைக்கு மாற்ற முடியாது. எங்கள் கடைக்காரருக்கு அது சம்மதம். எல்லாருக்கும் அப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். 18ஆம் பதிப்புக்கு மாறுவோர், ஜெனரேட்டட் காலம் இயல்பாகவே விர்ச்சுவலாக (சேமிக்கப்படாமல், படிக்கும்போது கணக்கிடப்படுவதாக) அமையும் என்பதையும், அதன்மேல் ஃபாரின் கீ வைக்க முடியாது என்பதையும் மனத்தில் கொண்டு, ஸ்டோர்ட் (stored, சேமிக்கப்படுவது) என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

இந்த ஃபாரின் கீ கட்டுப்பாட்டுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். பிழைச் செய்தியில் அது அப்படியே தெரியும். பெயருக்கு 63 பைட்டுகள்தாம் இடம். தமிழில் புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனித்தனியே மூன்று பைட்டுகள் பிடிப்பதால், நீளமான பெயர் வால் அறுந்துதான் பதிவாகும்.