உருளை நிஜ விதைன்னு 18,500 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

நேத்துதான் தோண்டினோம். ஆத்திரத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

ஊட்டி பக்கம் ஒரு ஏக்கர். விதைக்கிழங்கு ஒரு டன்னாவது வேணும், லாரி வாடகையை நினைச்சாலே மலைப்பு. அப்பத்தான் அந்த ஆன்லைன் விதைக்கடை (பேர் வேண்டாம்) கண்ணுல பட்டுச்சு. நிஜ விதைன்னா கிழங்கு இல்ல, உருளைச் செடி பூத்துக் காய்க்கிற காய்க்குள்ள இருக்கிற விதை, தக்காளி விதையவிடப் பொடிசு, 10 கிராம் 3,700.

போன் பண்ணேன். "கிழங்கோட நூற்புழு வரும்ணா, வைரஸ் வரும். இதுல அந்தத் தொல்லை இல்ல. அத்தனையும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே ரகம்"னான் பையன். 1961-லயே இங்க கண்டுபிடிச்ச, வேரைத் தாக்குற அந்த நூற்புழுவோட இன்னிக்கும் அல்லாடுறவன் நான். அவன் சொன்ன முதல் பாதி பெரும்பாலும் நிஜம். அதனாலதான் ரெண்டாம் பாதியையும் நம்பித் தொலைச்சேன். 5 பாக்கெட், 18,500 ரூபாய்.

நாற்றங்கால்லயே ஒரு தண்டு பச்சை, பக்கத்துத் தண்டு ஊதா. போட்டோ அனுப்பினா, "வெயில்ணா."

நேத்து மண்ணைக் கிளறினா வெள்ளை, சிவப்பு, உருண்டை, நீளம், குழிக்கண்ணு, பாதி கோலிக்குண்டு. இன்னிக்கு மேட்டுப்பாளையம் மண்டியில சாக்கை அவுத்துப் பார்த்தவர், "என்ன கண்ணு, கதம்பமா?"ன்னார்.

விவரம் தெரிஞ்ச மச்சான் அப்புறம் சொன்னார். உருளைக்குக் குரோமோசோம் (குணத்தைக் கடத்துற இழை) நாலு தொகுதி, அது விதைக்கு விதை வேற மாதிரி கலக்கும், அதனால ஒரே காய்க்குள்ள இருக்கிற விதைகூட ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதாம். சோதிச்சுப் பார்த்த ரெண்டு பெற்றோரைக் கையால மகரந்தம் சேர்த்துக் கலப்பு விதை எடுத்தா ஓரளவு ஒத்து வரும், அப்பவும் நாற்றங்கால்ல வேத்துச் செடியைப் பிடுங்கணும். முதல் போகம் கிழங்கு பெரும்பாலும் பொடிசாத்தான் இருக்கும், அதை அடுத்த போகத்துக்கு விதையாப் போடுறதுதான் வழக்கமாம். இதுல ஒரு வார்த்தை அவன் சொல்லல.

போன் பண்ணினா முதல்ல மண் கோளாறு. அப்புறம் உரம் பத்தலை. அப்புறம் 7 நாள் தாண்டினா பணம் திரும்பாது. முளைச்சு வரவே அவ்வளவு நாள் ஆகுமேடா! இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான். 18,500 ரூபாய்ங்க.

என்ன பார்த்து வாங்கணும்னு விரிவா எழுத உக்காந்தேன், மனசு ஓடல. பெற்றோர் ரகம் ரெண்டும் எதுன்னு கேளுங்க, சொல்லலைன்னா விடுங்க. லேபிள்ல முளைப்புத்திறன், சோதனைத் தேதி பாருங்க. முதல்ல ஒரு பாத்தி மட்டும் போடுங்க. பில்லை வாங்கி வைங்க, எங்கிட்ட அது இல்ல. நாளைக்கு விதை ஆய்வாளரைப் பார்க்கப் போறேன், கையில வெறும் பாக்கெட்டோட.