ரெமிஷனுக்குப் பிறகு: ஃப்ளோவா, பிசிஆரா?

"ரெமிஷன் வந்திட்டுது, இனிப் பயமில்லைத்தானே டொக்டர்?" திருகோணமலையில் இரத்தப் புற்றுநோயாளியின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி இது. ரெமிஷன் என்றால் முக்கியமாக, என்பு மச்சையில் பிளாஸ்ட் (முதிராத) கலங்கள் 5 வீதத்துக்குக் கீழே, இரத்தக் கலங்களின் எண்ணிக்கையும் தேறியிருக்கும். நோய் முற்றாகப் போய்விட்டது என்றல்ல. நோய் திரும்புமா என்பதை நுணுக்குக்காட்டிக்குப் பிடிபடாத புற்றுக்கலங்களின் மிச்சம்தான் கூடுதலாகச் சொல்லும். அதைத் தேட இரண்டு வழி: ஃப்ளோ (ஃப்ளோ சைட்டோமெட்ரி, கலங்களின் மேலுள்ள புரதக் குறிகளைப் பார்ப்பது), பிசிஆர் (புற்றுக்கலத்தின் மரபணு அடையாளத்தைப் பெருக்கித் தேடுவது).

எவ்வளவு சிறிய மிச்சத்தைப் பிடிக்கும்?
ஃப்ளோ: பொதுவாக 10,000 கலங்களில் ஒன்று.
பிசிஆர்: 100,000 இல் ஒன்று வரை.

யாருக்கு?
ஃப்ளோ: பெரும்பாலானோருக்கு.
பிசிஆர்: தொடக்கத்திலேயே மரபணு அடையாளம் அகப்பட்டவர்களுக்கு மட்டும். அந்த முதல் ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள்.

மாதிரி
ஃப்ளோ: உயிருள்ள கலம் வேண்டும், ஓரிரு நாளுக்குள் சோதிக்கவேண்டும். கொழும்புக்கு அனுப்புவதென்றால் வெள்ளி பின்னேரம் ஊசியால் மச்சை எடுப்பது புத்தியில்லை. சனி, ஞாயிறு போய்விடும்.
பிசிஆர்: பெரும்பாலும் இதற்குத் தேவைப்படும் ஆர்என்ஏயும் (கலத்தின் மரபுச் செய்தி மூலக்கூறு) கெடும், இங்கும் சுணங்கக்கூடாது.

இரண்டுக்கும் முதல் இழுவையில் வரும் மச்சைதான் நல்லது. அடுத்தடுத்த இழுவையில் இரத்தம் கலந்து, மிச்சம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். சிறிய விசயம்தான், ஆனால் ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டையே பொய்யாக்கிவிடும்.

என் கணக்கில், பிலடெல்பியா நிறமூர்த்தம் (சில இரத்தப் புற்றுநோய்களில் காணும் மாறிய நிறமூர்த்தம்), என்பிஎம்1 என்ற மரபணுவில் மாற்றம், ஏபிஎல் வகை (ஏஎம்எல்லின் ஒரு வகை) என்றால் பிசிஆர். மரபணு அடையாளம் இல்லாத ஏஎம்எல் (மைலோயிட் வகைக் கடும் இரத்தப் புற்றுநோய்) என்றால் ஃப்ளோ. பிள்ளைகளின் ஏஎல்எல்லுக்கும் (லிம்ஃபோயிட் வகைக் கடும் இரத்தப் புற்றுநோய்), முதற்கட்டச் சிகிச்சை முடிவில், ஃப்ளோவே கைக்கு எட்டியது. எதைத் தொடங்கினாலும் அதே ஆய்வுகூடத்திலேயே தொடருங்கள். இடம் மாறினால் எண்களை ஒப்பிடுவது கஷ்டம்.