விசிட் விசாவுல வேலைக்கு அனுப்புதேன்னு சொன்னா நம்பாதீங்க, எங்களுக்கு ஒண்ணேகால் லட்சம் போச்சு

வயிறு எரியுது, அதான் இந்நேரத்துக்கு உக்காந்து டைப் பண்ணுதேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நெல்லை ஜங்ஷன் பக்கம் மாடியில இருக்க ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்சியில தம்பிக்காக ஒண்ணேகால் லட்சம் கட்டுனோம், ஓமன்ல ஏசி மெக்கானிக் வேலை, ரூம் சாப்பாடு எல்லாம் கம்பெனியே பாத்துக்கிடுமாம்.

அந்த ஆளு பேச்சு இருக்கே. "களக்காடா யக்கா, எங்க மாமா வீடு அங்கனதான்"ன்னான். அம்மாவுக்கு சுகர்னு தெரிஞ்சதும் கடைக்கு ஆளனுப்பி சீனி போடாத டீ வாங்கிக் குடுத்தான். அம்மா பீடி சுத்தி சேத்தது, என் வளையல அடகு வச்சது, எல்லாஞ் சேந்த கட்டு அது, அத சாமி படத்துக்கு முன்னால காட்டி கண்ணுல ஒத்திட்டுதான் டிராயர்ல போட்டான். திரும்பி வாரப்ப பஸ்ஸுல அம்மாவுக்கு அவன் புராணந்தான். ரசீது மட்டும் 30,000-க்கு, மிச்சம் "அங்க உள்ள செலவு"ன்னான். லைசன்ஸ் உள்ள ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியதே 30,000, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி, அவ்வளவுதான், ரசீதுல மட்டும் கணக்கு கரெக்டா இருக்கு பாத்தீங்களா.

விசா வந்துச்சு, விசிட் விசா. "ஏர்போர்ட்ல கேட்டா சொந்தக்காரவள பாக்கப் போறேன்னு சொல்லு தம்பி, அங்க போய் மாத்திக்கிடலாம்"னு பாடம் வேற. தம்பி எட்டாங்கிளாஸ், அதனால ஈசிஆர் பாஸ்போர்ட், அத வச்சிருக்கவன் ஓமனுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்கத்துட்ட குடிபெயர்வு அனுமதி வாங்கணும். அது இல்லன்னு திருவனந்தபுரம் ஏர்போர்ட் இமிக்ரேஷன்ல நிப்பாட்டி திருப்பி விட்டுட்டாவ.

வேற விசா போடுதேன்னு பாஸ்போர்ட்ட வாங்கி வச்சவன் இப்ப தரமாட்டேங்கான். போன் பண்ணா சார் மதுரைக்குப் போயிருக்காரு, சார் சாப்பிடுதாரு, சர்வர் டவுனு. நேர்ல போனா டீயும் இல்ல மாமா வீடும் இல்ல, "25,000 கேன்சலேஷன் கட்டுங்க, பாஸ்போர்ட் தாரோம்"னு ஒரு பிள்ள கம்ப்யூட்டர பாத்துக்கிட்டே சொல்லுது.

1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசு சொத்து, பூட்டி வைக்க இவன் யாரு? 1990-ல ஐநா கொண்டு வந்த புலம்பெயர் தொழிலாளர் ஒப்பந்தத்துல 21-வது பிரிவும் அதிகாரம் உள்ள அதிகாரி தவிர எவனும் பாஸ்போர்ட்ட பறிக்கப்பிடாதுங்குது. ஐஎல்ஓ, அதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 1997-ல போட்ட 181-வது உடன்படிக்கை, வேலைக்குப் போறவன்ட்ட ஏஜென்சி காசே வாங்கப்பிடாதுன்னுதான் பொதுவா சொல்லுது. ரெண்டுலயும் இந்தியா சேரல, ஐநா ஒப்பந்தத்துல வளைகுடா நாடு ஒண்ணுகூட கிடையாது. ஆள அனுப்புறவனும் சேரல, வேலை வாங்குறவனும் சேரலன்னா அத வச்சி நாக்கு வழிக்கவா? அந்த பாஸ்போர்ட் சட்டத்த விட்டா நம்ம 1983 குடிபெயர்வுச் சட்டந்தான் கைக்கு இருக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கான மத்திய அரசு ஆபீஸான சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸுக்கு எழுதிப் போட்டாச்சு.

என்ன செய்யணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், மண்டை காயுது. மத்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) சைட்ல ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க. வேலைக்கு விசிட் விசான்னு சொன்னா செருப்ப மாட்டிட்டு கெளம்பிருங்க. பணத்த கையில குடுக்காதீங்க, பேங்க்ல போடுங்க. பாஸ்போர்ட் குடுத்தா எழுதி வாங்குங்க. ஒண்ணேகால் லட்சம்ங்க, அடகுக் கடைக்காரரு வட்டிக்கு இன்னைக்கே போன் அடிச்சிட்டாரு.