பத்தாம் பயஸ் சபையா, பேதுரு சபையா?

பழைய பூசையைப் பேணும் இந்த இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் சபைகளும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான்: அதே லத்தீன் பூசை, பீடத்தைப் பார்த்து நிற்கும் அதே குரு. புனித பத்தாம் பயஸ் சபையை 1970-இல் தொடங்கியவர் பேராயர் மார்செல் லெஃபெவ்ர். 1988-இல் ரோமின் அனுமதி இல்லாமல் அவர் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அதற்கு உடன்படாத குருக்கள் சிலர் விலகி வந்து, திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்ட புனித பேதுரு சபையை அமைத்தார்கள்.

பயஸ் சபையின் கதைதான் கவலை தருகிறது. யூதர்களைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட மிலீஸ் (இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குத் துணைபோன பிரெஞ்சுப் படை) அதிகாரி போல் டூவியே 1989-இல் பிடிபட்டது, நீஸ் நகரில் அந்தச் சபையின் மடத்தில். 2009-இல் ஸ்வீடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பேட்டியில் அதன் ஆயர் ரிச்சர்ட் வில்லியம்சன், யூதர்களைக் கொல்ல நாஜிகள் பயன்படுத்திய நச்சுவாயு அறைகளே இருந்ததில்லை என்று சொன்னார். சபைத் தலைமை அவர் வாயைக் கட்டியது, திருத்தந்தையிடம் மன்னிப்பும் கேட்டது. சரி. ஆனால் 2012-இல் அவரை வெளியேற்றியபோது சொன்ன காரணம் கீழ்ப்படியாமைதான். மறு ஆண்டே, ரோமில் 335 பேர் கொல்லப்பட்ட ஆர்தியாதினே படுகொலையில் பங்குள்ள நாஜி அதிகாரி எரிக் பிரீப்கே இறந்தபோது, இறுதிச் சடங்குக்கு ரோம் மறைமாவட்டம் கோயில் தர மறுத்தது. அதை நடத்த முன்வந்தது இதே பயஸ் சபை.

அங்கே பக்திக்காகப் போகிற குடும்பங்களை நாஜி ஆதரவாளர்கள் என்பது அநியாயம். ஆனால் யூதர்களை மதிக்கச் சொல்லும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965-ஆம் ஆண்டு ஏட்டையே ஒரு சபை குறை சொல்லிக்கொண்டிருந்தால், வெறுப்போடு வருபவனுக்கு அது எதைக் காட்டித் தடை போடும்? பழைய பூசைதான் வேண்டுமென்றால், நான் பேதுரு சபைக்குத்தான் வழி சொல்வேன்.