கீழடி அருங்காட்சியகம்: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஊர் எப்படி உருவானது என்று ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தை வைத்துச் சொன்னால் கொட்டாவிதான் வரும், இங்கே கேள்வி வருகிறது. 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டுப் பாணியில் தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள்.

வேளாண்மையும் நீரும், பானை, நெசவு, கடல் வணிகம் என்று பொருள்வாரியாகப் பிரித்திருப்பதே பாதிப் பாடம். வைகையில் தண்ணீர் வந்தது, பயிர் விளைந்தது, மிஞ்சியதைப் போட்டு வைக்கப் பானை வேண்டும், அப்புறம் எல்லாரும் உழ வேண்டிய அவசியமில்லை, ஒருத்தர் பானை வனையலாம், இன்னொருத்தர் நூல் நூற்கலாம் என்று கதையாகவே சொல்லிக்கொண்டு போகலாம். நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டு, நடுவில் ஓட்டையோடு, கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். என் மகள் அதைப் பம்பரமா என்று கேட்டாள். பகடையைப் பார்த்ததும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பானை ஓட்டில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருப்பதைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஒன்று, கீழடி குக்கிராமம் இல்லை. சுமார் 2,600 ஆண்டுப் பழமையானது என்கிறார்கள்; செங்கல் கட்டடம், உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு), எழுத்து எல்லாம் இருந்த இடம். ஆக ஊர் முளைத்த கதையைவிட வளர்ந்த கதைதான் இங்கே அதிகம், தொடக்கத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பலகைகளைப் படிக்கச் சொல்லி உயிரை எடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கொஞ்சம் பொறுங்கள். அகழாய்வுக் குழிகளையும் பார்ப்பதாக இருந்தால் வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள்.