ஒற்றை ஆய்வேடா, பேப்பர் தொகுப்பா? நான் முழுதாக எழுதிய கதை

கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், பட்டியல் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அடிப்படை ஒன்றுதான்: சில பாடங்கள், ஒரு தகுதித் தேர்வு, ஆய்வுத் திட்டத்தைக் குழு முன் வைத்து ஒப்புதல் வாங்குவது, ஆய்வேடு, கடைசியில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. முதல் மூன்றில் நாம் முடிவெடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. சொன்னதைச் செய்து முடிக்க வேண்டியதுதான். ஆய்வேட்டில்தான் பல பல்கலைக்கழகங்கள் நம்மைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன. முதல் அத்தியாயம் தொடங்கிக் கடைசி வரை ஒரே நூலாக எழுதலாம். இல்லையென்றால், வெளியான பேப்பர்கள் மூன்று நான்கை அப்படியே அடுக்கி, முன்னால் ஒரு நீண்ட அறிமுகம் சேர்த்துக் கொடுக்கலாம். ஸ்வீடனில் இந்த இரண்டாவது முறை சர்வ சாதாரணம். அந்த அறிமுகத்துக்கு அங்கே 'காப்பா' என்று பெயர். மேலங்கி என்று பொருள். ஜெர்மனியில் இப்படிச் செய்வதைக் 'குமுலாட்டிவ்' ஆய்வேடு என்பார்கள்.

எனக்கு இரண்டு வழியும் திறந்திருந்தது. ஒற்றை நூலைத் தேர்ந்தெடுத்தேன், இன்றைக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். படிக்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சொல்வதை முதலில் சொல்லி முடித்துவிடலாம். தொகுப்பில் எழுத்து வேலை குறைவு. ஒவ்வொரு பேப்பரும் ஏற்கெனவே ரிவ்யூவை, அதாவது துறை வல்லுநர்களின் மதிப்பீட்டைத் தாண்டி வந்திருப்பதால், வைவாவில் தேர்வாளர்களைச் சந்திக்கக் கொஞ்சம் தெம்பு இருக்கும். பேப்பரில் இடமில்லாமல் வெட்டியதையெல்லாம் நூலில் வைக்கலாம், ஓடாத சோதனைகளையும் சேர்த்து. அதற்காக அளவே இல்லை என்று நினைக்கக் கூடாது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் ஆய்வேட்டுக்கு 60,000 சொல் வரம்பு உண்டு. வெளியான பேப்பரின் பதிப்புரிமையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் துறையின் பேப்பர்களை வெளியிடும் பெரிய அமைப்புகளான ஐஈஈஈ, ஏசிஎம் இரண்டுமே ஆசிரியர் தன் பேப்பரைத் தன் ஆய்வேட்டில் சேர்க்க விடுகின்றன. அவர்கள் கேட்கும் குறிப்பைப் போட்டால் போதும். ஆக, அதைக் காரணமாக வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு கேள்வி: நான் முடிக்கும் தேதி யார் கையில் இருக்கிறது?

தொகுப்பு வழியில் 'மூன்று பேப்பர் ஏற்கப்பட்டிருக்க வேண்டும்' என்பது போல ஒரு விதி இருக்கும். அந்த மூன்றாவது பேப்பர் எப்போது ஏற்கப்படும் என்பதை நீங்களும் தீர்மானிக்க முடியாது, உங்கள் கைடும் தீர்மானிக்க முடியாது. நம் துறையில் பெரும்பாலான முக்கிய வேலைகள் ஜர்னலுக்கு அல்ல, கான்ஃபரன்ஸுக்குத்தான் போகின்றன. கான்ஃபரன்ஸ் என்றால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ டெட்லைன். ஒருமுறை ரிஜெக்ட் ஆனால் அடுத்த டெட்லைன் வரை காத்திருப்பு, அதற்குப் பிறகு முடிவு வரச் சில மாதங்கள். ஆய்வு அப்படியே இருக்கும், ஆனால் அரை வருடம் போயிருக்கும்.

நல்ல வேலையாக இருந்தால் எப்படியும் ஏற்பார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். இயந்திரக் கற்றலுக்கான நியூரிப்ஸ் மாநாடு 2014-ல் செய்த சோதனையைப் படித்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆடியது. வந்த பேப்பர்களில் சுமார் பத்தில் ஒரு பங்கை, 166 பேப்பர்களை, தனித்தனியாக இயங்கிய இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். 43 பேப்பர்களில் இரு குழுக்களின் முடிவும் எதிரெதிர். கேட்கச் சின்ன எண் மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலான பேப்பர்கள் எப்படியும் தள்ளப்படுபவை. ஏற்கப்பட்டவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஒரு குழு ஏற்றதில் பாதிக்கு மேல் இன்னொரு குழுவிடம் போயிருந்தால் தள்ளப்பட்டிருக்கும். 2021-ல் அதே சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்தார்கள். நிலைமை பெரிதாக மாறவில்லை. ரிவ்யூவர்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை. நானும் ரிவ்யூ செய்கிறவன்தான். விளிம்பில் நிற்கும் பேப்பரைப் பற்றி முடிவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இவ்வளவு ஆட்டம் உள்ள ஒரு முடிவோடு பட்டத்தின் தேதியைக் கட்டிப்போடலாமா என்பதுதான் என் கவலை.

என் மூன்றாவது பேப்பர் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை 'யோசனை புதிதல்ல' என்றார்கள். இரண்டாம் முறை 'யோசனை நன்று, இன்னும் பெரிய கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் கூட்டத்தில்) ஓட்டிக் காட்டுங்கள்' என்றார்கள். அந்த இரண்டாவது மின்னஞ்சல் வந்தபோது உதவித்தொகை முடிய எட்டு மாதம் இருந்தது. தொகுப்பு வழியில் இருந்திருந்தால் அன்றைக்கே கணக்குப் பொய்த்திருக்கும். நான் செய்தது, அதை ஐந்தாம் அத்தியாயமாக எழுதியதுதான். கேட்ட அளவில் சோதனையை ஓட்ட முடிந்தவரை ஓட்டினேன். எங்கே முடியவில்லை என்பதையும் அதே அத்தியாயத்தில் சொன்னேன். புறத் தேர்வாளர் வைவாவில் அதிக நேரம் பேசியதே அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான். பேப்பர் பின்னால் வேறொரு கான்ஃபரன்ஸில் வந்தது. அப்போது பட்டம் கையில் இருந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

சரி, நூலாக எழுதுவதன் விலை என்ன? எனக்கு ஏழு மாதம். அதில் முதல் ஆறு வாரம் மூன்று பேப்பர்களையும் ஒரே மொழிக்குக் கொண்டுவரவே போனது. முதல் பேப்பரில் N என்ற குறி சர்வர்களின் எண்ணிக்கை. இரண்டாவதில் கோரிக்கைகளின் எண்ணிக்கை. முதல் பேப்பரில் தாமதத்தைச் சராசரியில் கொடுத்திருந்தேன். மூன்றாவதில் 99-ஆம் சதமானத்தில், அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்ற கணக்கில். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்கப் பழைய சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் தெரிந்தது, முதல் பேப்பர் 'எல்லா சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகும்' என்று ஓரிடத்தில் எடுத்துக்கொள்கிறது, மூன்றாவது அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது என்கிறது. தனித்தனியாகப் படித்த எந்த ரிவ்யூவருக்கும் அது படவில்லை, எனக்கும்தான். தொகுப்பாகக் கொடுத்திருந்தால் அந்த முரண் அப்படியே அட்டைக்குள் போயிருக்கும்.

நூலாக விரித்து எழுதுவதால் பிறருக்கும் பயன் உண்டு. டியேகோ ஓங்காரோவின் ராஃப்ட் ஒரு நல்ல உதாரணம். பல சர்வர்கள் தங்களுக்குள் வாக்கெடுத்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, ஒரே முடிவில் நிற்க உதவும் வழிமுறை அது. 2014-ல் அது ஒரு கான்ஃபரன்ஸ் பேப்பராக வந்து, சிறந்த பேப்பர் விருதும் வாங்கியது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டில் அவர் ஆய்வேடும் வந்தது. பேப்பரைப் படித்து ராஃப்டைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதை நிரலாக எழுதுகிறவர்களுக்கு ஆய்வேடு வேண்டும். கிளஸ்டரில் ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் சேர்க்கும் எளிய முறை அதில்தான் இருக்கிறது. பிரிந்துபோன சர்வர் திரும்பி வந்து தலைவரைத் தொந்தரவு செய்யாமலிருக்க, முன்கூட்டி ஒரு வாக்கெடுப்பு நடத்தும் வழி 9.6-ஆம் பிரிவில் இருக்கிறது. ராஃப்டைப் பயன்படுத்தும் எட்சிடி (etcd) என்ற தரவுச் சேமிப்பு மென்பொருளின் நிரலில் அந்தப் பிரிவு எண்ணையே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வராகச் சேர்க்கும் அந்த எளிய முறையில் ஒரு பிழை இருந்ததும் 2015-ல் தெரியவந்து, அவரே திருத்தத்தை வெளியிட்டார். அவ்வளவு விரிவாக எழுதி வைத்ததால்தான் மற்றவர்கள் அவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிந்தது. ராய் ஃபீல்டிங் 2000-ல் எழுதிய ஆய்வேடும் அப்படித்தான். இணையச் சேவைகளை வடிவமைக்கும் பாணியான ரெஸ்ட் (REST) பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதன் ஐந்தாம் அத்தியாயத்தைத்தான் காட்டுகிறார்கள்.

தொகுப்பின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. படிக்கும்போதே மூன்று பேப்பரும் ஏற்கப்பட்டுவிட்டவர், அடுத்த வேலை காத்திருக்கிறவர், ஏழு மாதம் உட்கார்ந்து திரும்ப எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வருடத்தில் முடிவுகள் பழசாகிவிடும் துறைகளில் எழுதி முடிப்பதற்குள் அத்தியாயம் ஆறிப்போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் அனுபவம் சிஸ்டம்ஸோடு, அதாவது கணினி அமைப்புகளைக் கட்டிச் சோதிக்கும் துறையோடு, முடிகிறது. தேற்றமும் நிரூபணமுமாக ஓடும் கோட்பாட்டுத் துறையில் இந்தக் கணக்கு அப்படியே செல்லும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

இணை ஆசிரியர்கள் விஷயத்தில் தொகுப்புக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பேப்பரிலும் உங்கள் பங்கு எது என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். பெயர்களை அகர வரிசையில் போடும் துறைகளில் பேப்பரை மட்டும் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. அந்தப் பேச்சை, எல்லோரும் ஒரே ஆய்வகத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு.

இந்த வழியா அந்த வழியா என்று யோசிக்கும் முன், உங்கள் பல்கலைக்கழக விதியில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்: பேப்பர் 'ஏற்கப்பட்டிருக்க' வேண்டுமா, 'அனுப்பப்பட்டிருந்தால்' போதுமா? அனுப்பியிருந்தால் போதும் என்று விதி சொன்னால் நான் மேலே சொன்ன பயத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்போது தொகுப்பு எடுக்கிறவரை நான் தடுக்க மாட்டேன். அறிமுகத்தைக் கடைசி மாதத்துக்கு விடாமல், இரண்டாவது பேப்பர் முடிந்ததுமே எழுதத் தொடங்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். எனக்கு வந்த கடிகார முரண் மாதிரி ஏதாவது இருந்தால், மூன்றாவது பேப்பரில் அதைச் சரிசெய்ய அப்போதுதான் நேரம் இருக்கும்.