ஜர்னல் ஆஃப் தி ஜியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா: ஒரு போர்வெல் ஆலோசகரின் 20 ஆண்டு வாசிப்பு

2005இல் சென்னை அண்ணா நகர் மேற்கில் ஒரு வீட்டுக்கு போர் போட இடம் குறித்துக் கொடுத்தேன். அதுவரை நான் வேலை பார்த்ததெல்லாம் கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம். அங்கே மேல்மண்ணையும் முரம்பையும் தாண்டினால் கருங்கல் வந்துவிடும். அதே கணக்கில் கேசிங் (ஓட்டை சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) நீளத்தை எழுதியிருந்தேன். ராத்திரி டிரில்லர் போன் செய்தார்: “சார், கல்லே வரல. கருப்பா களி மாதிரி வந்துகிட்டே இருக்கு, ஓட்டை சரியுது.” அந்தக் கிணற்றை மூடத்தான் முடிந்தது. வீட்டுக்காரர் வயதானவர். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. “அடுத்த தடவை படிச்சுப் பார்த்துட்டு வாங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அப்படிப் படிக்கப் போனபோதுதான் இந்த இதழின் பழைய தொகுதிகள் கைக்கு வந்தன. கல்லூரி நாட்களில் பெயரைக் கேட்டதோடு சரி, பிரித்துப் பார்த்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் படிவுகளைப் பற்றிய கட்டுரையை ஒரு நூலகத்தில் நின்றபடியே படித்தேன். நகரின் தெற்கே சார்னோகைட் என்ற கருங்கல் என்றால், மேற்கிலும் வடமேற்கிலும் பல இடங்களில் களிமண்ணுக்கு அடியில் கோண்டுவானா ஷேல் என்ற களிப்பாறை கிடக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துச் செடிகளின் இலைத் தடங்கள் அந்தப் படிவுகளில் பதிந்திருக்கின்றன. என் ஓட்டைக்குள் சரிந்தது அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இதை வெளியிடும் இந்திய நிலவியல் சங்கம் 1958இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் நிலவியலாளர் டி.என். வாடியா. அடுத்த ஆண்டே இதழ் வந்துவிட்டது. பி.பி. ராதாகிருஷ்ணா பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து அதை வளர்த்தார். இப்போது மாதம் ஓர் இதழ். வரும் கட்டுரைகளைத் துறை அறிந்த வேறு ஆய்வாளர்கள் படித்துக் கேள்வி எழுப்பி, திருத்தச் சொல்லி, அதன் பிறகுதான் அச்சுக்குப் போகும்.

என்னைப் போலக் களத்தில் நிற்பவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது? இடம் கிடைக்கிறது. ஊர்ப் பெயர், ஓடையின் பெயர், வெட்டுமுகத்தில் எத்தனை மீட்டருக்கு என்ன படிவம், மாதிரி எந்த ஆழத்தில் எடுத்தது என்பதெல்லாம் அச்சில் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பெரிய இதழ்களில் சேலமும் அரியலூரும் ஒரு கோட்பாட்டுக்கு உதாரணமாக வந்து போகும். இங்கே அரியலூரே விஷயம். காரை பக்கத்துக் களிமண் மேட்டைப் பற்றிப் படித்துவிட்டு, அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே மேட்டில் போய் நின்றிருக்கிறேன். எழுதியவர் நின்ற இடம் எது என்று தெரிந்தது. கோட்பாடு பத்து வருஷத்தில் மாறும். எந்த ஆழத்தில் என்ன கிடைத்தது என்ற பதிவு மாறாது. அதனால்தான் என் அலமாரியில் பழைய தொகுதிகளே அதிகம் தேய்ந்திருக்கின்றன.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது விவாதப் பகுதியை. ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் மறுத்து எழுதுவார். முதலில் எழுதியவர் பதில் சொல்வார். இரண்டும் அச்சாகும். சார்னோகைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பாறைதான் அது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைப் பாறை. அதை வைத்துத்தான் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் இந்தப் பெயரைச் சூட்டினார். இது பாறைக்குழம்பு குளிர்ந்து உறைந்ததா, வேறு பாறை ஆழத்தில் வெந்து உருமாறியதா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸ் என்ற வரிவரியான பாறைக்குள் திட்டுத்திட்டாகச் சார்னோகைட் முளைத்திருப்பதைப் நிலவியலாளர் பிச்சமுத்து 1960இல் எடுத்துக்காட்டினார். கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மம் விரிசல் வழியே ஏறி, பாறைக்குள் இருந்த நீரை விரட்டிய தடம் அது என்று ஒரு தரப்பு பிறகு வாதாடியது. இரண்டு அறிஞர்கள் ஒரே பாறையைப் பார்த்துவிட்டு எப்படி வேறு வேறு முடிவுக்கு வருகிறார்கள் என்று இந்த மாதிரி விவாதங்களைப் படித்துத்தான் கற்றேன். இன்றைக்கு நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி எடுக்கும் ஒரு மின்தடை வரைபடத்தைப் பார்த்ததும் முடிவு சொல்லாமல், இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்கலாம் என்று யோசிக்கிறேன் என்றால் அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு முறை நானும் சிறு குறிப்பு ஒன்றை வேறோர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணல் பகுதியில் கோடையில் கிணற்று நீரின் உப்பு ஏறுவதைப் பற்றியது. மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்ட கேள்வி மறக்காது: “தண்ணீர் மணலிலிருந்து வந்ததா, அடியில் இருக்கும் பாறை வெடிப்பிலிருந்து வந்ததா?” இரண்டும் கலந்து வரும் கிணறுகள் என் பட்டியலில் பாதிக்கு மேல் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் குறிப்பே நிற்காது. திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து கிணற்றின் கேசிங் எதுவரை இறங்கியிருக்கிறது என்று கேட்காமல் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதில்லை.

அந்தக் கடற்கரை வேலைக்கு ஜியாலஜிக்கல் சொசைட்டி இதழின் நிலத்தடி நீர்க் கட்டுரைகள் பெரிய துணை. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மேலே 1 மீட்டர் குறைந்தால் அடியில் என்ன ஆகும் என்பதை, “இன்னும் ஆழமா போடலாமே சார்” என்று கேட்கிற ஒவ்வொரு அடுக்கக சங்கத்துக்கும் காகிதத்தில் வரைந்து காட்டுகிறேன். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் கடல்நீர் உள்ளே ஏறியதையும் சொல்வேன். சிலர் கேட்கிறார்கள்.

குறைகளும் உண்டு. இந்த ஓர் இதழ் என்றில்லை, இத்துறையில் எதைப் புரட்டினாலும் கடந்த பத்து பதினைந்து ஆண்டுகளாக ஒரே மாதிரிக் கட்டுரைகள் பெருகிவிட்டன. செயற்கைக்கோள் படம், சரிவு, மண், ஓடை அடர்த்தி என்று அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, பச்சை சிவப்பில் நீர்வள வரைபடம் தருகிறார்கள். எத்தனை கிணற்றில் இறங்கிச் சரிபார்த்தார்கள் என்று தேடினால் பல நேரம் ஒரு வரிதான் இருக்கும். அந்த வரைபடத்தை வைத்து ஒருவர் வீட்டில் கேசிங் நீளம் எழுத முடியாது. மொழியும் ஒரு தடை. என்னோடு வேலை பார்க்கும் டிரில்லர்களுக்கு எந்தப் பேட்டையில் எந்த ஆழத்தில் என்ன வரும் என்று விரல்நுனியில் தெரியும். அவர்கள் சொல்வது இந்தப் பக்கங்களுக்கு வருவதில்லை, இந்தப் பக்கங்கள் அவர்களிடம் போவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம்.

இணையத்தில் படிக்க வேண்டுமானால் பழையவை ஸ்பிரிங்கர் தளத்திலும், அண்மைய ஆண்டுகளுடையவை ஜியோசயின்ஸ்வேர்ல்டு தளத்திலும் உள்ளன. தனி ஆளாகக் காசு கொடுத்து ஒவ்வொரு கட்டுரையாக வாங்கினால் கட்டாது. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதே நல்லது. தொடர்ந்து இந்த வேலையில் இருக்கப்போகிறவர் சங்க உறுப்பினராகிவிடலாம்.

என்னிடம் உள்ள அச்சு இதழ்களை மாணவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறேன். 1970களின் தொகுதிகள் மட்டும் வெளியே போகாது, தாள் உடைகிறது. ஆதம்பாக்கம் வீட்டுக்கு வந்து, மேஜையில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பேன்.